இனிப் பாட்டு வரும்

என் அக்காவுக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. அதன் பெயர் இங்கே தேவையில்லை. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒருவனும், அந்த பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கும் ஒரு பணக்காரப் பெண்ணும் முதலில் சண்டை பிடித்து, பிறகு காதலித்து, கடைசியில் ஒன்றுசேரும் கதை. அந்தக் காலத்தில் அப்படி எத்தனையோ படங்கள் வந்தன. அக்காவுக்கு மட்டும் படம் என்றால் அது ஒன்றுதான்.

அதை முதல் தடவை பார்க்க ஹேவாஹெட்டவிலிருந்து கண்டிக்கு அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தலாத்துஓயா தாண்டுவதற்குள் இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். அக்கா தாவணியால் என் வாயைத் துடைத்துவிட்டு, "படம் பாக்கையில வாந்தி எடுத்த, அங்கயே வுட்டுட்டு வந்திருவேன்" என்றாள். தியேட்டர் இருட்டுக்குள் போனதும் அவள் என்னை மறந்துவிட்டாள். திரையில் மழை பெய்தபோது அவள் முகத்திலும் அந்த வெளிச்சம் அசைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு அந்தப் படத்தைத் தோட்டத்திலேயே பல தடவை பார்த்தோம். கோயில் திருவிழா வந்தால் பெடியன்கள் அக்குறணையிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். எந்தக் கசட் வேண்டும் என்று கேட்டால், எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். கங்காணி அடுத்த பக்கம் போனதும், கொழுந்து எடுத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்வாள். கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தடவித் தனக்குள் சிரிக்கும் இடம் வரும்போது அக்காவின் கை கூடையை விட்டுக் கன்னத்துக்குப் போகும். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கு அடுத்ததுதான் மழைப் பாட்டு. அதையும் அவள் பாடுவாள்.

அவள் கட்டிக்கொண்டதும் ஒரு டிரைவரைத்தான். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். நல்ல உயரம், அழகாகப் பாடுவார். அந்த மழைப் பாட்டைப் பாடிக்கொண்டே எங்கள் லயத்தைத் தாண்டி லொறியை ஓட்டிப் போவார். அக்கா ஓடிவந்து வாசலில் நிற்பாள். அம்மாவும் அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று யாரோ ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் போட்டபோது மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எல்லாமே படத்தில் வருவது போலத்தான் இருந்தது.

அதன் பிறகு நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். கண்டியில் வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். அக்கா ஹேவாஹெட்டவிலேயே இருந்தாள். அவளுடைய ஒரே மகன் கட்டாருக்குப் போய்விட்டான். அத்தான் சில வருடங்களுக்கு முன்னால் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அந்தச் சாவீட்டில் அக்கா அழுத அழுகையைப் பார்த்து, இவள் இனி எப்படித் தனியாக இருக்கப்போகிறாள் என்று பேசாதவர்கள் இல்லை. ஆனால் அவள் தனியாகத்தான் இருந்தாள். கூப்பிட்டபோதெல்லாம், "இங்க எனக்கு என்னா கொறச்சல்?" என்பாள்.

கண் போகத் தொடங்கியதும்தான் அம்பிட்டியவில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வந்தாள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவளுக்குப் பல வருடங்களாகவே இருந்தது. வலது கண்ணின் உட்பக்கம் இரத்தம் கசிகிறது என்றார்கள். இடது கண்ணில் பார்வை மங்கல் என்று நெடுநாளாகவே சொல்லி வந்தாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும்தான்.

கிளினிக்கில் டொக்டர் ஒரு இளம் பெண். சிங்களத்தில் பேசினார், நான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். வலது கண்ணுக்கு லேசர் பிடிக்கலாம் என்றார். இடது கண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அந்தக் கண் நரம்பு முற்றாகச் செத்துவிட்டது, இது சீனியால் வந்ததில்லை, முன்னொரு காலத்தில் பலமாக அடிபட்டிருக்க வேண்டும், அப்படி அடிபட்டால் பல வருடம் கழித்துக்கூடக் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கொண்டுபோய்விடும் என்றார்.

"அக்கா, எப்பவாச்சும் இந்தக் கண்ணுல அடிபட்டுச்சான்னு கேக்கிறாங்க."

"மெலாறு பொறுக்கையில ஒரு தடவ குச்சி பட்டுச்சுல்ல. அதச் சொல்லு."

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் எங்கள் பக்கம் மெலாறு என்போம். அடுப்பெரிக்க மலையிலிருந்து கட்டிக்கொண்டு வருவது. எனக்கும் அது நினைவிருந்தது. கலாசாலை விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது அக்கா கண்ணில் துணி கட்டிக்கொண்டு அம்மாவின் காம்பரா அறையில் படுத்திருந்தாள். மெலாறு குத்திவிட்டது என்று அம்மா சொன்னார். அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். குச்சி குத்தினால் கருவிழியில் தழும்பு இருக்கும், இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை. சொட்டு மருந்து எழுதித் தந்தார்.

"என்னா சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. மருந்து ஒழுங்காப் போடணுமாம்."

லேசர் பிடித்த பிறகும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே, முன்னால் நிற்பது ஆள்தானா என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடக்கப் பழகினாள். தோட்டத்தில் பேச்சு ஓயாத பெண், எங்கள் வீட்டுக் கதிரையில் கையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள்.

என் மகளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பௌர்ணமி போயா லீவு நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, ஒங்களுக்குப் புடிச்ச படம் ஒண்ணு சொல்லுங்க. போட்டுத் தர்றேன்."

"எனக்குப் படமா? கண்ணு தெரியாதவளுக்குப் படம் என்னாத்துக்கு?"

"அம்மா பாத்துச் சொல்லுவாங்க. நீங்க கேளுங்க."

அக்கா படத்தின் பெயரைச் சொன்னாள். சொல்லும்போதே முகம் மலர்ந்தது. மகள் அதைப் போனில் தேடி எடுத்து டீவியில் வரச் செய்தாள். நிறம் வெளிறிப் போயிருந்தது; மூலையில் ஏதோ கம்பனியின் முத்திரை வேறு. ஆனாலும் முதல் இசை கேட்டதும் அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.

"இப்ப பஸ்ஸு வருது. மலை தெரியுது."

"பனி இருக்கா?"

"இருக்கு."

பனி இருந்தது, ஆனால் அது புகை. அந்த வயதில் நான் எங்கள் ஊர் மலை என்று நம்பியது சாயம் பூசிய திரைச்சீலை. அடிக்கடி வந்துபோன பகிடிக்காரரைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடித்த ஒரு பெண் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் பஸ் சாய்வதுதான் அவருடைய பகிடி. மகள் கொட்டாவி விட்டாள். கதாநாயகன் அந்தப் பெண்ணின் வீட்டு வாசல்வரை பின்னாலேயே போனபோது, "இந்தாளப் பத்தி பொலிஸ்ல சொல்லணும்" என்றாள். அக்கா சிரித்தாள். அவளுக்குக் குறையாகத் தோன்றியது எதுவுமில்லை. வசனங்களை நடிகர்களுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவளை அப்படி நான் பார்க்கவில்லை. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

பாதிக்குக் கிட்ட ஒரு காட்சி. பஸ் நிறைய ஆட்கள். அந்தப் பெண் டிரைவரை எல்லோர் முன்னாலும் ஏசுகிறாள். அவன் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறான். இந்த இடம் எனக்குக் கொஞ்சமும் நினைவில் இல்லை. எத்தனை தடவை பார்த்த படம். கண்ணாடியும் சிரிப்பும் மழையும்தான் மனதில் தங்கியிருந்தன. அவன் கை ஓங்குவதைக் கண்டதும், ஏனென்று தெரியாமல் என் வாய் வேறு சொன்னது.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நிக்கிறாங்க அக்கா."

அறைந்த சத்தம் அறை முழுவதும் கேட்டது. அந்தக் காலத்துப் படங்களில் அந்தச் சத்தத்தைத் தனியாகப் பெரிதாக்கி வைப்பார்கள்.

"அம்மா, என்ன இது?" என்று மகள் எழுந்துவிட்டாள். போனில் அவள் கை பட்டுப் படம் நின்றது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம் திரும்பியபடியே நின்றது.

"அறஞ்சிட்டான்" என்றாள் அக்கா. "எனக்கு என்னத்துக்கு மறைக்கிற? காது கேக்குதுல்ல. அப்பவும் அறஞ்சான். கொட்டகையே கைதட்டிச்சு. நீயும்தான் தட்டுன."

அக்கா கையை நீட்டித் தடவி என் முழங்காலைப் பிடித்தாள்.

"கல்யாணங் கட்டி வந்து மொத தீவாளிக்கு முன்னாடி, ஒங்க அத்தான் மொத தடவ அடிச்சாரு. லொறிக்காரங்களுக்கு முன்னுக்கு நான் ஏதோ எதுத்துப் பேசிட்டேன். கன்னத்துலதான். எனக்கு அழுக வரல புள்ள. உள்ளுக்குப் போயி கண்ணாடியப் பாத்தேன். இனிப் பாட்டு வரும்னு நெனச்சேன்."

மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவருக்கு எம்மேல எம்புட்டு ஆச, அதான் அடிக்கிறாருன்னு நெனச்சேன். மெய்யாத்தான் சொல்றேன். அவரு ராவைக்கு வந்து அந்தப் பாட்ட படிச்சாரு. சாப்பாடு ஊட்டி வுட்டாரு. நான் என்னா நெனைக்கிறது? அப்புறம் பாட்டெல்லாம் கொறஞ்சு போச்சு. அடி கொறையல."

"அக்கா, இந்தக் கண்ணு?"

"டொக்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஒங்கொரலு அன்னைக்கே மாறிப்போச்சே." அவள் இடது கண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். "கையில சாவிக்கொத்து இருந்திச்சு. வேணும்னு செஞ்சாரா, தெரியாமப் பட்டுச்சா, அது அவருக்குத்தான் தெரியும். அடுத்த நாளு அவரேதான் அம்மாகிட்ட கொண்டாந்து வுட்டாரு."

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். மெலாறுனு சொல்லச் சொன்னது அம்மாதான். நீ படிக்கிற புள்ள, ஒனக்குத் தெரிய வேணாம்னுச்சு. தெரிஞ்சா ஒரு ஆம்பளையயும் நம்பமாட்டா, கல்யாணமே வேணாம்பான்னு பயந்துச்சு அம்மா."

வெளியே அடுத்த வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம். அம்மா இறந்து பல வருடங்கள். அத்தானும் இல்லை. யாரிடம் போய் நான் என்ன கேட்பது? அத்தான் என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நான் கலாசாலையிலிருந்து வரும்போது என் பெட்டியை லொறியில் ஏற்றி வந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். மகளுக்குப் பேர் வைத்த அன்று ஹேவாஹெட்டவிலிருந்து ஒரு குலை வாழைப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அந்தத் தோளையும் கையையும் எனக்கு இனி எப்படி நினைப்பது என்று தெரியவில்லை.

மகள்தான் கேட்டாள். "பெரியம்மா, அப்புறம் ஏன் அவரு செத்தப்ப அப்படி அழுதீங்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியில் கோபமில்லை. "அழாம? அவரு நல்லா இருந்த நாளும் இருந்திச்சே, மவளே. அந்த நாளையெல்லாம் நான் மட்டுந்தான வச்சிருக்கேன்" என்றாள். பிறகு டீவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஏன் நிப்பாட்டி வச்சிருக்க? போடு. பாட்டு வரும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கண்ணாடி வந்தது, கன்னத்தைத் தடவும் கை வந்தது, சிரிப்பு வந்தது. நான் ஒன்றையும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு மழையும் பாட்டும் வந்தன. அந்தப் பாட்டு இன்றைக்கும் நல்ல பாட்டு. அதில் பழுது சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அக்கா விரலால் மடியில் தாளம் போட்டாள். பார்வை போன அந்த இடது கண்ணிலிருந்துதான் கண்ணீர் முதலில் வழிந்தது. மகள் எழுந்து சமையலறைக்குப் போய், தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் திரும்பி வரவில்லை.

படத்தைக் கடைசிவரை அக்கா கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும், "போதும்" என்றாள். அந்தப் படத்தை அவள் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

ஆனால் படம் கேட்கும் ஆசை விட்டுப்போகவில்லை. சனி, ஞாயிறு வந்தால், "என்னா படம் போடப்போற?" என்பாள். பெயரைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்.

"அதுல அடிக்கிறானுங்களா?"

தெரியாமல் எப்படிச் சொல்வது? அதனால் நானே முன்கூட்டிப் பார்க்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அக்கா அசந்து படுத்திருக்கும் நேரத்தில், போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, நானும் அவளும் விரும்பிப் பார்த்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். எனக்கென்று ஒரு படம் இருந்தது. அதில் வரும் வாத்தியாரைப் பார்த்துத்தான் நான் ஆசிரியையாக ஆசைப்பட்டேன். அவரும் ஓர் இடத்தில் மனைவியின் கையை முறுக்கி, "பொம்பளையா லட்சணமா இரு" என்கிறார். அந்தப் பெண் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அந்த இடம் என் நினைவில் தங்கவே இல்லை. கண் நன்றாகத் தெரிந்த காலத்தில் நாங்கள் எதைத்தான் பார்த்தோம்?

ஒன்றை வைப்பேன், பாதியில் நிறுத்துவேன். இன்னொன்றை வைப்பேன். அடி இல்லாவிட்டால் ஏச்சு இருக்கும். ஏச்சும் இல்லாவிட்டால் கதாநாயகி ஒன்றுமே கேட்காமல் செத்துப்போவாள். இந்தத் தேடலை மகளிடம் சொன்னபோது, "புதுப் படம் போடுங்களேன் அம்மா" என்றாள். போட்டுப் பார்த்தோம். அக்காவுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. யார் பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச கொரலா போடு" என்றாள்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. யாரும் கொண்டாடாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சின்ன உத்தியோகத்தர், அவர் மனைவி, வாடகை வீடு. பெரிதாகக் கதை ஒன்றுமில்லை. முழுவதும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்குப் போட்டேன்.

"அடிக்கிறானா?"

"இல்ல அக்கா. நான் பாத்துட்டேன்."

சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவில் கணவனும் மனைவியும் சண்டை பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. சாப்பாட்டில் தொடங்கிய பேச்சு மாமியாரிடம் போய், பிறந்த வீட்டுக்குப் போய், இரண்டு குரலும் உயர்கின்றன. அக்கா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். கழுத்து ஒரு பக்கமாக ஒடுங்கியது. அவள் உடம்பு காத்திருந்ததை அருகில் இருந்து பார்த்தேன். எத்தனை வருடம் அந்த லயத்துக் காம்பராவில் அப்படிக் காத்திருந்திருப்பாள்.

"இப்ப என்னா செய்றான்?"

"செருப்பப் போட்டுக்கிட்டு வெளிய போறான்."

"அவ?"

"அவ நிக்கிறா. கதவப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

"திரும்பி வந்துட்டானா?"

"வந்துட்டான். வாசல்ல ஒக்காந்திருக்கான். அவ தட்டுல சோறு போட்டுக் கொண்டாந்து வைக்கிறா. ரெண்டு பேரும் பேசல. அவன் சாப்புடுறான். அவளுக்கும் எடுத்து வைக்கச் சொல்றான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

அக்காவின் பிடி மெல்லத் தளர்ந்தது. படம் முடிந்து சுபம் என்று எழுத்து வந்ததும், "நல்ல படம் புள்ள" என்றாள். "இத ஏன் நாம அப்பவே பாக்கல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவளுக்கு மறைத்துச் சொல்வதை நான் அந்தப் போயா நாளிலேயே விட்டுவிட்டேன்.

"பாத்தோம் அக்கா. ஒரு திருவிழாவுக்கு டெக்குல போட்டாங்க. ஒண்ணுமே நடக்காத படம்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க. நாமளும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டோம்."